மூன்று வருடம், மூன்று நொடி: மைக்ரேஷனுக்கு லாக் டைம்அவுட் வைத்துப் பார்த்த அனுபவம்

டேட்டாபேஸில் டேபிளின் அமைப்பை மாற்றும் வேலையைத்தான் மைக்ரேஷன் என்கிறோம். டேபிளின் பூட்டு (லாக்) கிடைக்க அது அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதே லாக் டைம்அவுட். நாங்கள் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அதன் டீஃபால்ட் மதிப்பு 0. அதாவது லாக் கிடைக்கும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் அமைப்பை மாற்றும்போது காத்திருக்கும் நேரத்தின் டீஃபால்ட் 3,15,36,000 நொடி, முழுதாக ஒரு வருடம். இந்த இரண்டு எண்களையும் நான் தேடிப் பார்த்தது எங்கள் தளம் ஒரு மதியம் முழுதாக நின்றுபோன பிறகுதான்.

அன்று செய்தது மிகச் சின்ன வேலை. ஆர்டர் டேபிளில் நல் (NULL, அதாவது வெற்று மதிப்பு) ஏற்கும் ஒரு புது நெடுவரிசை. எத்தனை கோடி வரிசை இருந்தாலும் இது மில்லிநொடியில் முடிகிற மாற்றம். ஆனால் அதற்கு அந்த டேபிளில் ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ் லாக், அதாவது வேறு யாரும் வாசிக்கக்கூட முடியாத முழுப் பூட்டு, கிடைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அதே டேபிளில் ஒரு ரிப்போர்ட் குவெரி இருபது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. நெடுவரிசை சேர்க்கும் ஆல்டர் டேபிள் கட்டளை அதன் பின்னால் போய் நின்றது. பிறகு வந்த ஒவ்வொரு செலக்ட்டும் (வாசிக்கும் குவெரி) ஆல்டருக்குப் பின்னால் நின்றது. ரிப்போர்ட்டுக்கும் அந்த செலக்ட்டுகளுக்கும் எந்த மோதலும் கிடையாது. நடுவில் காத்திருந்த ஆல்டர்தான் வழியை அடைத்துவிட்டது. கனெக்‌ஷன்கள் தீர்ந்துபோயின. ஆல்டரை ரத்து செய்ததும் அடுத்த நொடியே எல்லாம் ஓடத் தொடங்கின.

அந்த வாரமே மைக்ரேஷனுக்கென்று தனியாக ஒரு ரோல் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) உருவாக்கி, ஆல்டர் ரோல் கட்டளையால் அதற்கு லாக் டைம்அவுட்டை நிரந்தரமாக வைத்தோம். ஒவ்வொரு மைக்ரேஷன் கோப்பின் தலையிலும் மதிப்பை வைக்கும் ஒரு செட் வரி எழுதினால் போதாதா என்று கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவசரத்தில் எழுதுகிற மைக்ரேஷனில்தான் அந்த வரி விட்டுப்போகும். அதோடு, நடுவில், சில கனெக்ஷன்களைப் பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் என்ற கருவி டிரான்சாக்‌ஷன் முறையில் இருந்தால் செட் போட்ட மதிப்பு வேறொருவரின் கனெக்‌ஷனில் போய் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ரோலில் வைத்தால் யார் மறந்தாலும் அது வேலை செய்யும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த ரோலாகவே லாகின் செய்தால்தான் இந்த மதிப்பு வரும். வேறு ரோலில் உள்ளே வந்து செட் ரோல் மூலம் மாறினால் வராது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சில மாதங்கள் ஆகின.

முதலில் 10 நொடி வைத்தோம், பிறகு 3 ஆகக் குறைத்தோம். இந்த எண்ணை மைக்ரேஷனின் பொறுமை என்று பார்க்கக்கூடாது. ஆல்டர் வரிசையில் நிற்கும் அத்தனை நேரமும் பயனர்களும் அதன் பின்னால் நிற்கிறார்கள், ஆகவே இது அவர்களுடைய பொறுமை. 3 நொடியில் கிடைக்காவிட்டால் தோற்று விலகி, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முயல வேண்டும். இந்த மறுமுயற்சியை எழுதாமல் டைம்அவுட்டை மட்டும் வைத்தால், டெப்ளாய் (புது நிரலைத் தளத்தில் ஏற்றுவது) அடிக்கடி தோற்றுச் சிவப்பாகி, கடைசியில் யாராவது எரிச்சலில் மதிப்பைத் தூக்கிவிடுவார்கள். எங்களுக்கும் அது நடக்க இருந்தது.

இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அமைப்பு) விஷயத்தில்தான் இந்த 3 நொடி எங்களைக் கடித்தது. டேபிளில் எழுதுவதை நிறுத்தாமல் இண்டெக்ஸ் உருவாக்கும் கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி கட்டளை, பழைய டிரான்சாக்‌ஷன்கள் முடியும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கும் லாக் டைம்அவுட் பொருந்தும். 3 நொடியில் அது அறுபட்டதும் டேபிளில் அரைகுறையான இன்வேலிட் (செல்லாத) இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிட்டது. எந்தக் குவெரிக்கும் அது உதவாது, ஆனால் இன்சர்ட், அப்டேட்டின் சுமையை மட்டும் கூட்டும். மறுமுயற்சியில் “இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்” இருந்ததால், பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று தாண்டிப்போய் மைக்ரேஷன் பச்சையாக முடிந்தது. அந்த இண்டெக்ஸ் பயனில்லாமல் பல வாரம் கிடந்தது. இப்போது இந்த வகை மைக்ரேஷனில் மட்டும் லாக் டைம்அவுட்டை 0 ஆக்குகிறோம். இந்தக் கட்டளை காத்திருக்கும்போது வாசிப்பையும் எழுதுவதையும் தடுக்காது என்பதால் அது பாதுகாப்பானது. தொடங்கும் முன் அதே பெயரில் இன்வேலிட் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பார்த்து நீக்கவும் செய்கிறோம்.

இரண்டாவது வருடத்தில் ரெயில்ஸ் (இணையதளம் எழுதும் கட்டமைப்பு) பக்கம், ஆபத்தான மைக்ரேஷனைத் தடுத்து எச்சரிக்கும் ஸ்ட்ராங் மைக்ரேஷன்ஸ் என்ற ஜெம்மைச் (நிரல் தொகுப்பு) சேர்த்தோம். அதில் ‘சேஃப் பை டீஃபால்ட்’ என்ற அமைப்பைப் போட்டால், சாதாரணமாக எழுதிய இண்டெக்ஸைக்கூடக் கன்கரன்ட்லியாக மாற்றிவிடும். ஃபாரின் கீயை (வேறு டேபிளோடு இணைக்கும் விதி) நாட் வேலிட் என்று, பழைய வரிசைகளைச் சரிபார்க்காமல் சேர்த்து, பிறகு தனியாகச் சரிபார்க்கும். எனக்கு இது மிகவும் பிடித்தது. புதிதாகச் சேர்ந்தவர் லாக் பற்றி எல்லாம் படித்துவிட்டு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பழைய மைக்ரேஷன்களில் எச்சரிக்கை வராமலிருக்க ‘ஸ்டார்ட் ஆஃப்டர்’ மதிப்பை முதல் நாளே வைத்துவிடுங்கள். சோதனையைத் தாண்டுகிற ‘சேஃப்டி அஷ்யூர்ட்’ பிளாக் வந்தால், மேலே ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறோம். அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்த சிலர், எழுத முடியாமல் மைக்ரேஷனையே மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் சில பழைய பயங்களைத் தூக்கிப்போடலாம். மாறாத டீஃபால்ட் மதிப்போடு நெடுவரிசை சேர்த்தால் முழு டேபிளும் மறுபடி எழுதப்படும் என்பது 2018-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11-ஆம் பதிப்போடு போய்விட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் புதிதாகக் கணக்கிடும் டீஃபால்ட்டுக்கு மட்டும் அந்தப் பயம் இன்னும் தேவை. இன்ட் வகை எண் நெடுவரிசையைப் பெரிய எண்களுக்கான பிக்இன்ட் வகையாக்குவதற்கும் அப்படியே.

லாக் டைம்அவுட்டால் தடுக்கவே முடியாதது நெடுவரிசையின் பெயர் மாற்றம். லாக் உடனே கிடைத்துவிடும், மாற்றமும் நொடியில் முடிந்துவிடும், பழைய பெயரைத் தேடும் நிரல் அப்புறம் ஒவ்வொரு சர்வரிலும் பிழை வீசும். இதற்கு இன்றும் நாங்கள் புதுப் பெயரில் நெடுவரிசை சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய தரவை ஆயிரம் ஆயிரம் வரிசையாக நகர்த்தி, கடைசியில்தான் பழையதை நீக்குகிறோம். மூன்று நான்கு டெப்ளாய் ஆகிறது.