அப் இன் தி ஏர்: ஓடித் திரிகிறவர்களில் இரண்டு கட்சி

வேலைக்காக ஊர் ஊராய்த் திரிகிறவர்களிடம் 'அப் இன் தி ஏர்' படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இரண்டு கட்சி பிரிந்துவிடும். "எங்கட கதைய அப்படியே எடுத்து வச்சிருக்கிறான்" என்பது ஒரு கட்சி. பயணமே போகாத ஒருவர், போகிறவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எடுத்த படம் என்பது மற்றக் கட்சி. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு அடிக்கடி போய்வரும் மெடிக்கல் ரெப்மார், தொண்டு நிறுவனத்துக்காரர், லீசிங் கொம்பனிப் பொடியன்மார் என்று எனக்குப் பழக்கமானவர்களும் இப்படித்தான் பிரிந்து நிற்கிறார்கள். நான் முதல் கட்சி. ஆனால் என் காரணம் வேறு.

படம் 2009 இல் வந்தது. ஜேசன் ரைட்மன் இயக்கம். ஜோர்ஜ் குளூனி நடிக்கும் ரையன் பிங்கமின் தொழில், மற்றக் கொம்பனிகளுக்காகப் பறந்து போய் அங்குள்ளவர்களிடம் "உங்களுக்கு வேலை போய்விட்டது" என்று சொல்வது. முந்தைய வருடத்தில் 322 நாட்கள் வெளியில். ஒமாஹாவில் வீடு என்று ஒன்று இருக்கிறது, ஆள் தங்கிய அடையாளம் இல்லை. பறந்த தூரத்தை விமானக் கொம்பனி கணக்கு வைத்து அதற்கேற்ற சலுகை அட்டை தரும், அந்தக் கணக்கில் ஒரு கோடி மைல் சேர்ப்பதுதான் இலட்சியம். வேலை போனவர்களாக வரும் பலர் நடிகர்கள் இல்லை. டெட்ரோயிட்டிலும் சென் லூயிஸிலும் உண்மையிலேயே அப்போது வேலை இழந்திருந்தவர்கள்.

முதல் கட்சிக்காரர் மயங்குவது முதல் பாதியில். சூட்கேஸை அடுக்கும் நேர்த்தி, விமான நிலையச் சோதனையில் சப்பாத்தைக் கழற்றி பெல்ட்டை உருவி ஒரு அசைவுகூட வீணாகாமல் கடந்து போகும் லாவகம், ஹோட்டேல் கவுண்டரில் பெயர் சொல்லி வரவேற்பு. சரி, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மைல் அட்டை விஷயத்தில் மட்டும் என் சொல்லை எடுக்க வேண்டாம். நான் விமானம் ஏறியது ஒன்றிரண்டு பயிற்சிக்குத்தான். எங்கள் உலகம் இரவு ரயில். கல்முனை, அக்கரைப்பற்றுக்காரருக்கு அதுவும் இல்லை. அம்பாறை மாவட்டத்துக்குள் ரயில் பாதையே கிடையாது, இரவு முழுக்க பஸ்தான். நான் எத்தனை வருடம் போய்வந்தாலும் எந்தக் கவுண்டரிலும் யாரும் எழுந்து நின்றதில்லை.

அந்த முதல் பாதியில் எனக்கு உறுத்திய ஒரு இடம் உண்டு. எந்த வரிசை வேகமாக நகரும் என்பதை ரையன் ஆட்களின் இனத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். ஆசியர்களுக்குப் பின்னால் நின்றால் சீக்கிரம் முடியும் என்று கூட வரும் புது ஊழியர் நத்தலிக்குப் பாடம் எடுக்கிறார். படம் வெளிவந்த அதே வருடம் மே மாதத்தில்தான் இங்கே யுத்தம் முடிந்தது. அதற்கு முன்பு கொழும்புப் பாதையில் சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையில் பெயரையும் பிறந்த இடத்தையும் பார்த்து எங்களைத் தனியாக நிறுத்தி வைத்த காலம். பெயரை வைத்து வரிசை பிரிப்பது யாருக்கு வேகம், யாருக்குத் தாமதம் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இரண்டாம் கட்சியின் குறை பெரும்பாலும் பின்பாதி மேல். ஓடித் திரிகிறவனுக்கு உறவு கிடையாது, கடைசியில் தனியாகத்தான் நிற்பான் என்று படம் தண்டனை கொடுக்கிறதாம். ரையன் மேடைப் பேச்சும் பேசுகிறவர், பொருளும் உறவும் முதுகில் சுமை, இறக்கி வை என்பதுதான் பேச்சு. மெடிக்கல் ரெப்பாக இருக்கும் என் நண்பன் ஒருவன் கேட்பது இதுதான்: "மச்சான், எந்தச் சுமையும் இல்லாமப் போ எண்டு அவன் மேடையில பேசுறானே, அவன ஒருக்கா எங்கட ஊரிலயிருந்து கொழும்புக்கு அனுப்பிப் பாரு." உண்மைதான். நாளைக்குப் பயணம் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டு மாமி வெள்ளவத்தையில் இருக்கும் மகளுக்குத் தயிர்ச்சட்டி தருவா. கருவாட்டுப் பொட்டலம் ஒன்று வரும். திரும்பும்போது புறக்கோட்டையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் வேறு. ஆனால் ரையனுக்கும் இதே சுமையைப் படம் கொடுக்கத்தான் செய்கிறது. தேனிலவுக்குப் போக வசதியில்லாத தங்கையும் மாப்பிள்ளையும் நிற்கும் அட்டை உருவத்தைச் சூட்கேஸுக்குள் மடங்காமல் திணித்துக்கொண்டு, போகிற ஊரிலெல்லாம் அதை நிறுத்திப் படம் எடுக்கிறார். நண்பன் அந்த இடத்தில் தூங்கிவிட்டானோ என்னவோ.

என்னை முதல் கட்சியில் பிடித்து வைத்திருப்பது அந்த நத்தலி கொண்டுவரும் திட்டம். பல்கலைக்கழகம் முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். ஏன் பறந்து போக வேண்டும், திரையில் முகத்தைக் காட்டியே வேலையை விட்டு நிறுத்தலாமே, பயணச் செலவு மிச்சம் என்கிறாள். முதலாளிக்குப் பிடித்துப்போகிறது. அவ்வளவு காலம் சேர்த்த அட்டை, ஆசனம், மரியாதை எல்லாம் கொம்பனியின் செலவுப் பட்டியலில் வெறும் ஒரு வரி என்று ரையனுக்கு அன்றைக்குத்தான் விளங்குகிறது. பிறகு, இவர்கள் வேலையை விட்டு நிறுத்திய பெண் ஒருத்தி உயிரை மாய்த்துக்கொள்கிறாள். நத்தலி விலகிவிடுகிறாள், திரைத் திட்டம் நிற்கிறது, திரும்பவும் பற என்று உத்தரவு. விமானத்திலிருந்து இறக்கியபோதும் ரையனைக் கேட்கவில்லை, திரும்ப ஏற்றியபோதும் கேட்கவில்லை. இரண்டாம் கட்சிக்காரர் தனிமைச் சாபம் என்று சொல்லும் அந்த முடிவை நான் ஒரு இடமாற்றக் கடிதமாகத்தான் பார்க்கிறேன்.

இங்கே அந்தக் கடிதம்கூட வரவில்லை. முன்பெல்லாம் இரவு ரயில் ஏறி, விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி முகம் கழுவி, காலைக் கூட்டத்தில் இருந்துவிட்டு அன்றிரவே திரும்புவோம். பயணப்படி சம்பளத்துக்கு ஒரு கைத்தாங்கல். 2020 இல் கொரோனா வந்து எல்லாம் சூமுக்குப் போனது. 2022 இல் எரிபொருளுக்கு கியூஆர் கோட் காட்டி வரிசையில் நின்ற காலத்தில் மீண்டும் சூம். வரிசை முடிந்த பிறகும் கொழும்பு எங்களைக் கூப்பிடவில்லை. அடுத்த வருட பட்ஜெட்டில் பயணத்துக்கான ஒதுக்கீடு சிறுத்துவிட்டது.

வீட்டில் தூங்குகிறோம், பிள்ளைகள் சந்தோஷம், முதுகும் சந்தோஷம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தின் பாதி வேலை தேநீர் இடைவேளையில் நடப்பது. வாகனத்துக்கு ஒப்புதல் கேட்பது, அடுத்த திட்டம் எந்த மாவட்டத்துக்கு என்று மோப்பம் பிடிப்பது, எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் எவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொல்வது, எல்லாம் அங்கேதான். இப்போது கொழும்பில் நாலு பேர் ஒரே மேசையில் இருக்கிறார்கள். நாங்கள் சுவரில் சின்னப் பெட்டிகள். லைன் விட்டால் பெட்டியும் போய்விடும், முடிவு மட்டும் மின்னஞ்சலில் வரும். தலைமையகத்தில் இருப்பவருக்குத் திரை மலிவு. தூர மாவட்டக்காரர் அதற்குக் கொடுக்கும் விலை கணக்கில் ஏறாது. குளூனியின் பாத்திரம் சொகுசை இழக்கப் பயப்படுகிறது, எங்களுக்கு இழக்கச் சொகுசு இல்லை. ஆனாலும் உத்தரவு வரும் திசை ஒன்றுதான்.

இரண்டாம் கட்சியிடம் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். ரையனுக்காக வீட்டில் யாரும் காத்திருப்பதில்லை. அதனால் பயணம் போகிறவனின் வீட்டை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியை அவர் வழியாகக் கேட்கப் படத்தால் முடியவில்லை.

அப்புறம் அலெக்ஸ். ரையன் பயணத்தில் சந்தித்து விரும்பும் பெண், அவரைப் போலவே திரிகிறவள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் அவளுக்குக் குடும்பம் இருப்பது தெரிகிறது. இரண்டு கட்சி ஆண்களும் இந்த ஒரு இடத்தில் ஒற்றுமையாகி அவளைத் திட்டுகிறார்கள். களவேலைக்குப் பஸ்ஸிலேயே திரியும் அக்கா ஒருவர் மட்டும் மறுத்தார். "அவள் வீட்டையும் பார்த்து வேலையையும் பார்த்திருக்கிறாள். அந்த ரெண்டையும் எப்பிடிச் சமாளிச்சாள் எண்டு காட்டியிருந்தா நான் இன்னொருக்காப் பார்த்திருப்பன்."