வயர் போன், கார்ட்லெஸ், ஐபி போன்: ஆபீஸ் மேசைக்கு எது சரி?

கோவையில் எங்களுக்கு மோட்டார் பம்ப் உதிரிபாக மொத்த வியாபாரம். ஷட்டரைத் தூக்கியதிலிருந்து "ஏனுங்க, ஒன்றரை ஹெச்பி மோனோபிளாக்குக்கு இம்பெல்லர் இருக்குதுங்களா" என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். இன்டர்காம் பழசாகி மாற்ற வேண்டி வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. பழையபடி இபிஏபிஎக்ஸ் பெட்டி (வெளி லைன்களை மேசைப் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைத்து மேசைக்கு ஒரு வயர் போன், இல்லையென்றால் கார்ட்லெஸ், அதுவும் இல்லையென்றால் நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி போன். நாங்கள் எடுத்தது வயர் போன். ஏன் எடுத்தோம் என்பதையும் அதை எப்படிப் பராமரிக்கிறோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் பராமரிப்புதான் எங்கள் முடிவுக்கே காரணம்.

செல்போன் இருக்கும்போது மேசைப் போன் எதற்கு என்பவர்களுக்கு ஒரே பதில்: ஆள் வேலையை விட்டுப் போனாலும் கடை நம்பர் கடையிலேயே இருக்கும். விலையில் சந்தேகமே இல்லை, சாதாரண வயர் போன் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, நல்ல ஐபி போன் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. குரல் தெளிவில் ஐபி போன் ஒரு படி மேல். பழசை விற்கப்போனால் மூன்றுக்கும் பெரிய மதிப்பு கிடையாது.

முடிவு செய்தது ஒரே விஷயம். போன் கெட்டுப்போனால் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரே சரிசெய்ய முடியுமா, முடியாதா?

வயர் போனில் கெடக்கூடியவை நாலே நாலு: ரிசீவரையும் போனையும் இணைக்கும் சுருள் வயர், சுவரிலிருந்து வரும் லைன் வயர், சுவரில் இருக்கும் ரோசெட் பெட்டி, அப்புறம் போன். நான்கும் தனித்தனியாகக் கடையில் கிடைக்கும், தனித்தனியாக மாற்றலாம். பேசும்போது கரகரவென்று சத்தம் வந்தால் முதலில் சுருள் வயரைப் பிளக் ஓரத்தில் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள், சத்தம் கூடிக் குறைந்தால் வயர்தான் போயிருக்கிறது. இரண்டு முனையிலும் அந்தச் சின்ன நாக்கை அழுத்தி இழுத்தால் கழன்றுவிடும், புதுசை மாட்டினால் முடிந்தது. சத்தத்தில் மாற்றமே இல்லையா? பக்கத்து மேசையில் நன்றாக வேலை செய்யும் போனைக் கொண்டுவந்து இதே ரோசெட்டில் மாட்டுங்கள். அதிலும் கரகரத்தால் குற்றம் போனில் இல்லை, சுவரில் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், எங்கள் பில்லிங் பெண்ணே செய்துவிடுகிறாள்.

ரோசெட்டைத் திறந்தால் பாதி நேரம் உள்ளே எறும்புதான். மழை ஆரம்பிக்கும்போது கூட்டமாக வந்து முட்டையோடு குடியேறிவிடும். மீதி நேரம் ஸ்குரூவில் சுற்றியிருக்கும் செம்பு பச்சை பூத்திருக்கும். பிரஷ்ஷால் எறும்பைத் தட்டிவிட்டு, பச்சை பூத்த முனையை வெட்டி, புதுச் செம்பு தெரிய அரை இஞ்ச் உரித்து, ஸ்குரூவை இறுக்கினால் டயல் டோன் பளிச்சென்று வரும். ஆனால் ஒன்று, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அந்த எக்ஸ்டென்ஷனை, அதாவது அந்த மேசைக்குப் போகும் உள் லைனை, இபிஏபிஎக்ஸ் பக்கத்தில் கழற்றிவிட வேண்டும். டெலிபோன் வயரில் கரன்ட் இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் காப்பர் லைனில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் டிசி உண்டு, மணி அடிக்கும்போது 75 முதல் 90 வோல்ட் ஏசி வரை போகும். செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் நல்ல உதறு உதறும், ஏணியில் நிற்பவர் என்றால் கீழேயே விழலாம்.

இன்னொரு எச்சரிக்கை, ஆபீஸில் கம்ப்யூட்டரும் போனும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. போன் வயரின் சின்ன பிளக் நெட்வொர்க் சாக்கெட்டுக்குள்ளும் தாராளமாக நுழையும். நுழைகிறது என்பதற்காகச் சொருகாதீர்கள். ஓரத்துப் பின்கள் வளைந்துவிடும், மணி வோல்டேஜ் போனால் நெட்வொர்க் ஸ்விட்சின் அந்தப் போர்ட்டே செத்துப்போகலாம். இரண்டு சாக்கெட்டுக்கும் மேலே பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டிவையுங்கள்.

தினசரிப் பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதுவதை மட்டும் எங்கள் ஆட்களிடம் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னேன். மாதக்கணக்கில் அப்படிப் பேசுபவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதிகம் பேசுபவருக்கு ஹெட்செட் மாட்டக்கூடிய மாடல் வாங்கிக்கொடுப்பதுதான் நியாயம். சுருள் வயர் முறுக்கிக்கொண்டால் லைனைக் கழற்றிவிட்டு ரிசீவரைத் தொங்கவிடுங்கள், தானே சுற்றிப் பிரிந்துவிடும். வயர் நடைபாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது, ஒருவர் கால் தடுக்கினால் போனும் வரும், மேசை மேல் இருக்கும் டீயும் வரும். துடைப்பதற்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும், நேராகப் போன் மேல் ஸ்பிரே அடிக்கக் கூடாது. தின்னர், டர்பன்டைன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் கரையும். வாய் வைத்துப் பேசும் ஓட்டைகளை ரிசீவரைக் கவிழ்த்துப் பிடித்துக் காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டினால் தூசி கீழே விழும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போது போனின் பக்கவாட்டில் வையுங்கள். எண் பட்டனுக்கு மேலே ஈரச் சந்தனம் வைத்தால் இறங்கி உள்ளே காய்ந்து, அடுத்த நாள் 2 அமுக்கினால் எழாமல் நிற்கும்.

கூப்பிடும் நம்பரைக் காட்டும் மாடல்கள் சிலவற்றில் அடியில் பென்சில் செல் போட வேண்டும். அதை மறந்தே போய்விடுவார்கள், செல் ஒழுகி ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்துப் போனையே கெடுத்துவிடும். புத்தாண்டுக் கணக்கு போடும்போது செல்லையும் மாற்றிவிடுங்கள்.

கார்ட்லெஸுக்கு வருவோம். நடந்துகொண்டே பேசலாம், அதற்காகவே எங்கள் குடோனில் ஒன்று வைத்திருக்கிறோம், ரேக்கில் இருப்பை எண்ணிக்கொண்டே பதில் சொல்ல அதை அடிக்க வேறு இல்லை. ஆனால் மேசைக்கு நான் சொல்லமாட்டேன். உள்ளே இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல். இரண்டு மூன்று வருடத்தில் மதியத்துக்கே சார்ஜ் இறங்க ஆரம்பிக்கும், அப்போது கடையில் கையில் கிடைத்த சாதாரண ஆல்கலைன் செல்லைப் போட்டுவிடுவார்கள். சார்ஜ் ஏறக் கூடாத செல்லில் சார்ஜ் ஏறினால் சூடாகும், ஒழுகும், வெடிக்கவும் கூடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடல் என்றால் வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் குரல் விட்டுவிட்டு வரும். ரிசீவர் ஒரு மேசையிலும் அதன் பேஸ் இன்னொரு மேசையிலும் கிடப்பது தனிக் கதை.

ஒரு இடத்தில் மட்டும் கார்ட்லெஸ் வயர் போனைத் தெளிவாக ஜெயிக்கிறது: இடி. சித்திரை, வைகாசி கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கோவைப் பக்கம் இடி பலமாக இருக்கும். கம்பத்தில் தொங்கி வரும் காப்பர் லைனில் மின்னல் இறங்கினால் வயர் போன் காதில் வைத்திருப்பவருக்கு ஆபத்து, கார்ட்லெஸ் ரிசீவருக்கு வயர் தொடர்பு இல்லை. அதனால் இடி ஆரம்பித்தால் நாங்கள் வயர் போனில் பேசுவதில்லை, வெளி லைன்களை இபிஏபிஎக்ஸிலிருந்து பிடுங்கிவிடுவோம். லைன் உள்ளே நுழையும் இடத்தில் திடீர் மின்னோட்டத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும், அதற்கும் பெட்டிக்கும் சரியான எர்த்தும் இருக்க வேண்டும். எர்த் இல்லாத புரொடெக்டர் சும்மா சுவரில் மாட்டிய டப்பா.

ஐபி போனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பி.ஓ.இ. ஸ்விட்ச் இருந்தால் அந்த நெட்வொர்க் கேபிளிலேயே கரன்டும் வந்துவிடும், சாதாரண வகையில் போர்ட் ஒன்றுக்கு 15.4 வாட் வரை, அடாப்டரே தேவையில்லை. மேசை மாறினால் போனைத் தூக்கிக்கொண்டு போய் வேறு சாக்கெட்டில் மாட்டினால் அதே எக்ஸ்டென்ஷன் நம்பர் கூடவே வரும். திருப்பூர் கிளைக்கும் கோவைக்கும் இன்டர்காம் போலப் பேசலாம். ஐம்பது அறுபது மேசை இருக்கிறது, நெட்வொர்க் பார்க்க முழுநேர ஆள் இருக்கிறார் என்றால் ஐபி போன்தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் இதைப் பார்த்தது எங்கள் கிளையில் இருக்கும் சில போன்களில் மட்டும்தான், அதனால் பெரிய ஆபீஸுக்கு என் தீர்ப்பை அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

கிளையில் கண்டது இதுதான்: போன் வேலை செய்யவில்லை என்றால் திரையில் 'பதிவாகவில்லை' என்ற மாதிரி ஒரு வரி வரும், அவ்வளவுதான். குற்றம் போனிலா, கேபிளிலா, ஸ்விட்சிலா, ரூட்டரிலா, அழைப்புகளை இணைத்துவிடும் சர்வரிலா என்று மேசையில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வர வேண்டும், அவர் வரும்வரை ஆர்டர் நிற்கும். அதோடு பாதுகாப்பு வேறு. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் சர்வரை இணையத்துக்குத் திறந்துவைத்தால், ஐபி போன் அழைப்புகளுக்கான 5060 போர்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கும் திருட்டு நிரல்கள் நுழைந்து இரவோடு இரவாக வெளிநாட்டு அழைப்புகளைப் போட்டுத் தள்ளும், பில் நமக்கு. ஐபி போன் வைத்திருப்பவர்கள் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையென்றால் ஆபரேட்டரிடமே சொல்லிப் பூட்டிவிடுங்கள். வயர் போன் இபிஏபிஎக்ஸிலும் எஸ்டிடி, ஐஎஸ்டி பூட்டு இருக்கிறது, போட்டுவையுங்கள்.

புதிதாகச் சேருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு முன்னால் 0 போட வேண்டும். எங்கள் பெட்டியில் வெளி லைன் எடுக்கவும் 0. ஆக இரண்டு 0, அப்புறம் பத்து எண். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு போனிலும் ஒட்டியிருக்கிறோம்.

கரன்ட் விஷயத்தில் பழைய பெருமை ஒன்று இப்போது பாதிதான் உண்மை. காப்பர் லைனில் நேராக மாட்டிய வயர் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரன்ட் வரும், ஊரே இருண்டாலும் பேசலாம். நடுவில் இபிஏபிஎக்ஸ் வந்துவிட்டால் அதற்கு யுபிஎஸ் வேண்டும். சில பெட்டிகளில் கரன்ட் போனதும் வெளி லைன் தானாகவே ஒரு குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனுக்கு நேராகப் போய்விடும் வசதி உண்டு, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள், அந்த எக்ஸ்டென்ஷனில் வெளிக்கரன்டே தேவைப்படாத சாதாரணப் போனை வையுங்கள். காப்பரை எடுத்துவிட்டு ஃபைபர் கொடுத்துவிட்டார்கள் என்றால் ஃபைபர் மோடத்துக்கும் கரன்ட் வேண்டும், அதையும் யுபிஎஸ்ஸில் சேர்க்க வேண்டும்.

ஃபைபருக்கு மாறுவதால் வயர் போன்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மோடத்தின் பின்பக்கம் போன் போர்ட் இருந்தால் அதிலிருந்து ஒரு வயர் எடுத்து இபிஏபிஎக்ஸின் வெளி லைன் இடத்தில் மாட்டினால் போதும், மேசையில் இருக்கும் போன், சுருள் வயர், ரோசெட் எதையும் தொட வேண்டாம். எல்லா மோடத்திலும் அந்தப் போர்ட் இருப்பதில்லை, இணைப்பு கொடுக்க வருபவரிடம் மாட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.