டெம்ப்ளேட் மாறியதும் மறைந்த ஃபோல்டர்கள்: லோட்டஸ் நோட்ஸில் மீட்ட அனுபவம்

ஆர்5 என்ற ஐந்தாம் பதிப்பின் காலத்திலிருந்து அலுவலக மெயிலுக்கு லோட்டஸ் நோட்ஸ்தான் பயன்படுத்துகிறேன். 1989இல் வெளிவந்த மென்பொருள் இது. 1995இல் ஐபிஎம் வாங்கியது, 2019இல் எச்சிஎல் கைக்கு வந்தது. உரிமையாளர் மாறினாலும் உள்ளே மெயிலைச் சேமிக்கும் முறையின் அடிப்படை மாறவில்லை. தொலைந்த ஃபோல்டர்கள் எனக்குத் திரும்பக் கிடைத்ததே அந்த முறையால்தான்.

நோட்ஸில் ஒருவருடைய மெயில் முழுவதும் ஒரே என்எஸ்எஃப் கோப்பில் இருக்கும். மடல்கள் மட்டுமல்ல, படிவம், வியூ (மடல்களைப் பட்டியலாகக் காட்டும் திரை), ஃபோல்டர் என்று திரையில் தெரிகிற எல்லாமே அதற்குள்தான். இந்தத் தோற்றப் பகுதிகளை டிசைன் என்பார்கள். அது டெம்ப்ளேட் என்னும் மூலக் கோப்பிலிருந்து வருகிறது. புதுப் பதிப்புக்குப் போகும்போது மடல்களை யாரும் தொடுவதில்லை, டிசைனைத்தான் மாற்றுகிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் பழைய டெம்ப்ளேட்டைத் திருத்தி டெண்டர், ஒப்பந்தம், புகார் என்று சில பொது ஃபோல்டர்களை எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். நோட்ஸ் 8.5 பதிப்பிலிருந்து 9க்கு மாறியபோது அந்தத் திருத்தங்கள் இல்லாத டெம்ப்ளேட்டைப் போட்டுவிட்டார்கள். டிசைனை மாற்றும்போது, புது டெம்ப்ளேட்டில் இல்லாதவையும் 'மாற்றாதே' என்ற குறி இடப்படாதவையும் நீக்கப்பட்டுவிடும். மறுநாள் மெயிலைத் திறந்தால் டெண்டர் இல்லை, ஒப்பந்தம் இல்லை. நானாக உருவாக்கிய ஃபோல்டர்கள் மட்டும் அலுங்காமல் இருந்தன. இப்படிச் சில இருந்து சில போயிருந்தால், கோப்பு கெட்டுப்போகவில்லை, டெம்ப்ளேட் வேலைதான் என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

பதறுவதற்கு முன் 'ஆல் டாக்குமெண்ட்ஸ்' வியூவைத் திறந்து பாருங்கள். மடல்கள் அத்தனையும் அங்கே இருக்கும். நோட்ஸில் ஃபோல்டர் என்பது மடல்கள் கிடக்கும் இடமல்ல, எந்தெந்த மடல் தன்னைச் சேர்ந்தது என்று சொல்லும் பட்டியல். அதனால்தான் ஒரே மடலை ஒப்பந்தத்திலும் புகாரிலும் சேர்த்து வைக்க முடிகிறது. ஃபோல்டர் போனால் பட்டியல்தான் போகிறது.

ஆனால் அந்தப் பட்டியல் சாதாரணமானதல்ல. எந்த மடல் எந்த விவகாரத்தைச் சேர்ந்தது என்று படித்துப் பார்த்து, பல வருடங்களாக முடிவெடுத்து ஒதுக்கிய உழைப்பு அது. 'சரி, அப்படியே செய்யலாம்' என்று ஒற்றை வரியில் வந்த பதில், விலை ஒப்புதல் என்பது எனக்குத்தான் தெரியும். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாலும் அது அகப்படாது. 'மடல் எல்லாம் இருக்கே, மறுபடி பிரிச்சுக்குங்க' என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

என்னைக் காப்பாற்றியது லேப்டாப்பில் இருந்த ரெப்ளிகா. நோட்ஸின் ஆகப் பெரிய பலம் என்று நான் இன்றும் சொல்வது இதைத்தான்: சர்வரில் உள்ள மெயிலின் முழுப் பிரதி நம் கையில் இருக்கும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இரண்டு பிரதிகளையும் ஒத்திசைக்கும் ரெப்ளிகேஷன் அடுத்து ஓடினால் சர்வரில் நடந்த நீக்கம் இங்கேயும் வந்துவிடும். ஆகவே முதல் வேலை நெட்வொர்க்கைத் துண்டிப்பது. பிறகு நோட்ஸை முழுவதும் மூடிவிட்டு, என்எஸ்எஃப் கோப்பை விண்டோஸிலேயே வேறு பெயரில் நகலெடுத்தேன். அந்த நகலைத் திறந்து, ரெப்ளிகேஷன் அமைப்பில் அதற்குத் தற்காலிகத் தடை போட்ட பிறகுதான் நெட்வொர்க்கை இணைத்தேன். ரெப்ளிகா வைத்துக்கொள்ளாத சக ஊழியர்களுக்கு, மாற்றத்துக்கு முந்தைய பேக்கப்பை அட்மின் வேறு பெயரில் எடுத்துக் கொடுத்தார்.

பழைய நகலில் இருந்து ஃபோல்டரை டிசைனர் என்ற நோட்ஸ் வடிவமைப்புக் கருவி வழியாக ஒட்டினால் வெறும் கூடுதான் வரும், உள்ளே மடல் இருக்காது. கைகொடுப்பது மடலின் அடையாள எண். ஒவ்வொரு மடலுக்கும் யுஎன்ஐடி என்ற 32 எழுத்து அடையாளம் உண்டு; எல்லா ரெப்ளிகாவிலும் அது ஒன்றுதான். அலுவலகத்தில் நோட்ஸின் நிரல் மொழியான லோட்டஸ்ஸ்கிரிப்ட் தெரிந்த ஒரு தம்பி, ஏஜென்ட் எனப்படும் சின்ன நிரல் ஒன்றை எழுதித் தந்தார். பழைய நகலின் டெண்டர் ஃபோல்டரில் உள்ள மடல்களின் யுஎன்ஐடியை ஒவ்வொன்றாக எடுக்கும், அதே எண்ணுள்ள மடலை சர்வர் மெயிலில் தேடும், 'புட்இன்ஃபோல்டர்' கட்டளையால் அங்கே டெண்டரில் சேர்க்கும். அந்தப் பெயரில் ஃபோல்டர் இல்லையென்றால் அந்தக் கட்டளையே உருவாக்கிக்கொள்ளும். இரண்டு ஃபோல்டர்களில் இருந்த மடல்களும் இரண்டிலும் சரியாகப் போய் உட்கார்ந்தன.

முதலில் ஒரு சிறிய ஃபோல்டரில் ஓட்டிப் பார்த்து, பழைய நகலோடு எண்ணிக்கையை ஒப்பிட்ட பிறகே மற்றவற்றைத் தொட்டோம். இடையில் நான் நிரந்தரமாக அழித்த மடல்கள் மட்டும் சேரவில்லை, அது சரிதான்.

மீண்ட ஃபோல்டர்களில் நெடுவரிசைகள் இன்பாக்ஸைப் போல இல்லாமல் வேறு மாதிரித் தெரிந்தன. மெயில் மெனுவில் உள்ள 'அப்கிரேட் ஃபோல்டர் டிசைன்' அதைச் சரிசெய்தது. பலருக்கும் ஒரேயடியாகச் செய்ய அட்மின் சர்வரில் 'கன்வர்ட்' பணியை '-யு' குறியோடு ஓட்டினார்.

டெம்ப்ளேட்டில் உள்ள டிசைனை மெயில் கோப்புகளுக்குக் கொண்டுவரும் 'டிசைன்' பணி வழக்கமாக சர்வரில் இரவு 1 மணிக்கு ஓடும். அதனால் அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் நிறுவனம் சேர்த்த ஃபோல்டர்கள் புது டெம்ப்ளேட்டிலும் இருக்கின்றனவா என்று அதற்கு முன்பே ஒரு சோதனை மெயிலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அவற்றில் 'ப்ரொஹிபிட் டிசைன் ரிஃப்ரெஷ்' குறியைப் போட்டு வையுங்கள்.