சோதனை ஓரிடம், சிகிச்சை ஓரிடம்: தோட்டத்து ஊரில் மூன்று வழிகள்

முப்பது வயதானால் ஆண்டுக்கு ஒரு தடவை இனிப்பு நீர் (நீரிழிவு) சோதனை செய்துகொள்ளுங்கள் என்கிறது மலேசிய சுகாதார அமைச்சின் வழிகாட்டி. அதன் ஆறாம் பதிப்பு 2020இல் வந்தது. சொன்னது சரிதான். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் இருப்பவர் அதை எங்கே போய்ச் செய்வது என்பதுதான் கேள்வி. இங்கே வழி மூன்று: அரசாங்க கிளினிக், பெக்கா பி40 என்ற, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்கச் சோதனைத் திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக், கோயில் மண்டபத்திலோ தாமானிலோ (குடியிருப்புப் பகுதியிலோ) நடக்கும் முகாம். விரலில் யார் குத்துகிறார்கள் என்பதை வைத்து நான் எடை போடவில்லை. முடிவு மோசமாக வந்தால் அடுத்து நம்மைத் தேடி யார் வருகிறார்கள் என்பதே என் கணக்கு.

முகாமில்தான் கூட்டம் அதிகம். திருவிழா சமயத்தில் வைத்தால், டாக்டர் வாசலையே மிதிக்காத ஆண்கள்கூட வரிசையில் நிற்பார்கள். ஆனால் அங்கே பார்ப்பது விரல்நுனி ரத்தம், அதுவும் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் உள்ளே போன பிறகு. அந்தக் கருவியின் எண்ணை வைத்து நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. நரம்பில் எடுத்த ரத்தம் லேபுக்குப் போக வேண்டும். நம்மாட்கள் கேட்டுக்கொண்டு போவதோ 'நார்மல்' என்கிற ஒரு சொல்லை மட்டும். அதற்கப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு அவர்களை அசைக்க முடியாது. முகாமில் எனக்குப் பயம் தருவது இந்தப் பொய்த் தெம்புதான்.

பெக்கா பி40 2019இல் தொடங்கியது. அரசு உதவித்தொகை பட்டியலில் உள்ள குடும்பத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சோதனை இலவசம். வழிகாட்டி 30 என்கிறது, திட்டம் 40 என்கிறது. இடையில் பத்து வயது வித்தியாசம்! இந்தியர்களிடையே இந்த நோய் மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பது தேசிய சுகாதார ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம். நம் ஊருக்கு அந்தப் பத்து வருடம் சின்ன இடைவெளி இல்லை.

மற்றபடி வேலைக்காரர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. பால் மரம் வெட்டுகிறவர் விடியுமுன் இறங்கினால் பாலெடுத்துத் திரும்ப முற்பகல் ஆகிவிடும். தனியார் கிளினிக் சாயங்காலமும் திறந்திருக்கும். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தச் சோதனைக்கு வெறும் வயிறும் தேவையில்லை. 6.3 விழுக்காடும் அதற்கு மேலும் வந்தால் இங்கே இனிப்பு நீர் என்று கணக்கு (பல நாடுகளில் 6.5). அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு தடவை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். சிக்கல் அதன் பிறகு. திட்டம் சோதனைக்குக் காசு கொடுக்கிறது, மாதாமாதம் போடுகிற மாத்திரைக்குக் கொடுப்பதில்லை. ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொல்வார்கள். அந்தக் கடிதம் அலமாரியில் கிடக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

அரசாங்க கிளினிக்கைப் பற்றி எல்லாரும் குறைதான் சொல்வார்கள், நானும் சொல்வேன். காலை நேரமே போய்விடும். நாள் சம்பளக்காரருக்கு அது அரை நாள் கூலி. ஆனால் சிகிச்சை என்று வந்துவிட்டால் மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. ஒரு வெள்ளியில் (ரிங்கிட்டில்) டாக்டரும் மருந்தும். நோயாளியின் பச்சைப் பதிவுப் புத்தகத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரகம், கண், கால் எல்லாம் ஒரே இடத்தில் ஏறும். பாதத்தை யார் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள்: வெளியில் மருந்து வாங்கிப் போடுகிறவரின் பூட்ஸைக் கழற்றச் சொல்ல ஆள் இல்லை. மாதாமாதம் மருந்துக்கு அலைவது சங்கடமென்றால் தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு. மருந்து கொடுக்கும் இடத்தில் கேளுங்கள்.

தோட்டத்திலேயே டிரசர் (மருத்துவ உதவியாளர்) இருக்கிறாரே என்பார்கள். காயத்துக்கும் காய்ச்சலுக்கும் சரி. நீண்ட நாள் நோய்க்கு அவரை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆக, 40 வயதை எட்டி உதவித்தொகை பட்டியலில் இருப்பவர் சோதனையைத் தனியாரிடம் பெக்காவில் முடித்துக்கொண்டு சிகிச்சைக்கு அரசாங்கத்துக்குப் போகலாம். 40க்குக் கீழே உள்ளவர் நேராக அரசாங்க கிளினிக்குக்கே போகட்டும். அப்போது முகாம் எதற்கு?

எச்பிஏ1சி 5.7 முதல் 6.2 வரை வருகிறவர்களுக்கு. நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. கிளினிக்கில் 'இனிப்பைக் குறைங்க' என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே நோயாளிகளுக்கே நேரம் போதவில்லை. அந்த நிலையில் உள்ளவர்களை வைத்து சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006இல் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியதாலேயே நோய் வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. அதோடு மாத்திரை சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை. அவர்களை யாரோ விடாமல் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் அதில் நான் பார்ப்பது. அந்த வேலையை நம் ஊரில் செய்யக்கூடியவர் அதே தாமானில் குடியிருக்கும் கொஸ்பென் (சுகாதார அமைச்சின் சமூக நலத் திட்டம்) தன்னார்வலர்தான். 2013இலிருந்து இயங்கும் அந்தத் திட்டத்தின் ஆட்களிடம் அளவு நாடா உண்டு: இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80க்குள்.

கோயில் கமிட்டி அடுத்த முகாமுக்குக் கருவி வாங்குமுன், போன முகாமின் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு லேப் சோதனை செய்தாரா என்று கேட்கட்டும். ஒரு பிற்பகல் போதும்.