பிரேக் போட்டால் ஸ்டியரிங் ஆடுகிறதா? "புது டிஸ்க்" என்று சொன்னால் நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பாருங்கள்

சேலத்தில் ஒரு பட்டறையில் 14,800 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் பட்டறையின் பெயர் போடவில்லை.

ஏப்ரலில் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு, திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதித்தே இறக்கினேன். இரண்டாவது கியரில் விட்டு இறக்கியிருக்க வேண்டும், அது என் தப்பு. கொஞ்ச நாள் கழித்து ஓமலூர் டோல்கேட் பக்கம் 90-ல் வந்து பிரேக் போட்டால் ஸ்டியரிங் கையில் வெடவெடவென்று ஆடுகிறது. வேகம் 40-க்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. பிரேக்கைத் தொடாமல் 100-ல் போனாலும் ஒரு ஆட்டமும் இல்லை.

பிரேக் போட்டால் மட்டும் ஆடுகிறது என்பதை மூன்று தடவையாவது பட்டறைக்காரரிடம் சொல்லியிருப்பேன். காதில் வாங்கவே இல்லை. வண்டியை ஓட்டியும் பார்க்கவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்றார். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கைதான் லோயர் ஆர்ம், அதிலுள்ள ரப்பர் மூட்டுதான் புஷ். ஆர்ம் 4,800, அலைன்மெண்ட் பேலன்சிங் 1,100. புஷ் தேய்ந்திருந்தால் ஆட்டம் கூடுதலாகத் தெரியும், உண்மைதான், ஆனால் பெரும்பாலும் ஆட்டத்தைக் கிளப்புவது அது இல்லை. பேலன்சிங் கோளாறு என்றால் பிரேக் போடாமலே 80, 100-ல் ஆடியிருக்கும்.

ஆட்டம் அப்படியே இருந்தது. திரும்பப் போனேன். இப்போது "டிஸ்க் பெண்டு சார், புதுசு போட்டுடலாம்" என்றார். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பிரேக் போட்டால் பேட் இரண்டு பக்கமும் அதை இறுக்கிப் பிடிக்கும். டிஸ்க் ஒரு ஜோடி, பேட், கூலி எல்லாம் சேர்த்து 8,900. பழைய சாமானைக் கேட்டேன், பழைய இரும்புக்காரன் காலையிலேயே எடுத்துப் போய்விட்டானாம். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது, அந்தச் சந்தோஷத்தில் நானும் எதையும் கிளறவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியதும் அதே வெடவெடப்பு! கேட்டால், "நீங்க மலையில ஓட்டற லட்சணம் அப்படி சார்" என்கிறார். ஏப்ரலுக்கு அப்புறம் நான் மலைப்பக்கமே போகவில்லை.

அப்புறம்தான் நண்பர் ஒருவர் சொல்லி அம்மாபேட்டையில் ஒரு பெரியவரிடம் போனேன். முதல் வேலையாக என் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியை எடுக்கச் சொன்னார். ஆட்டம் தெரிந்ததும் ஆள் இல்லாத நேர்ரோட்டில் மெதுவாக விடச் சொல்லி, ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வண்டி ஆடாமல் வேகம் குறைந்தது. "பின்னாடி டிரம் நல்லாருக்கு தம்பி. டிரம் கோணினா சீட்டுல உதறும். கையில உதறுனா முன்னாடிதான்."

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்கி, டிஸ்க் எவ்வளவு கோணலாகச் சுற்றுகிறது என்று முள்ளால் காட்டும் டயல் கேஜை ஒட்டவைத்து, கையால் ஒரு சுற்று சுற்றினார். முள் பதினான்கு கோடு நகர்ந்தது, அதாவது 0.14 மில்லிமீட்டர். பொதுவாக 0.1-ஐத் தாண்டக் கூடாது, இன்னும் குறைவாக இருந்தால் நல்லது என்றார். டிஸ்க்கை எடுத்தால், அது உட்காரும் ஹப் முகத்தில் துரு, கஞ்சி வழிந்து காய்ந்த மாதிரி பொருக்குப் பொருக்காக. அதைச் சுரண்டாமல் மேலேயே டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள். டிஸ்க் மயிரிழை கோணலாக உட்கார்ந்து, பிரேக் போடாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி, அங்கே மட்டும் தேய்ந்து மெலிகிறது. பிரேக் போடும்போது அந்த மெலிந்த இடம் வந்து வந்து போவதுதான் கையில் உதறலாகத் தெரிகிறது. அப்படித் தேய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால்தான் மாட்டின அன்றைக்கு வண்டி ஜோராக நிற்கும்.

அதற்கு அப்புறம் பெரியவர் காட்டியதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. டிஸ்க்கின் நடுக்கிண்ணம் பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தது. "சுரண்டிப் பாருங்க" என்றார். நகம் பட்டதும் பெயிண்ட் செதிலாக உரிந்து, கீழே காப்பிப்பொடி நிறத்தில் பழைய துரு. இரண்டு தட்டுக்கும் நடுவே காற்றுப் போகும் இடுக்கிலும் அதே துரு. மூன்று மாதத்து டிஸ்க்கில் அவ்வளவு துரு எப்படி வரும்? என் பழைய டிஸ்க்கையே லேத்தில் சீவி, பெயிண்ட் அடித்து, புதுசு என்று காசு வாங்கியிருக்கிறார்கள். ஓரத்தில் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும், மைக்ரோமீட்டர் வைத்தால் அதைவிட அரை மில்லி குறைவு. அந்த டிஸ்க்கோடுதான் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

பெரியவர் ஹப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது டிஸ்க் மாட்டித் திரும்ப கேஜ் வைத்தார், மூன்று கோடு. பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் இடது பக்கம் இறுகிக் கிடந்ததையும் எடுத்துத் துடைத்து கிரீஸ் வைத்தார். சக்கர நட்டை ஏர் கன்னில் முடுக்காமல், எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கினார். சாமான், கூலி எல்லாம் சேர்த்து 7,200. புது டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியையும் பழைய டிஸ்க் இரண்டையும் கேட்காமலே டிக்கியில் வைத்துவிட்டார்.

அந்த டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். முதலில் "இது நாங்க போட்டதே இல்ல" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசியபோது முதலில் கேட்டது பில்தான். என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச்சீட்டு. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், ஐந்து லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது என்று தெரிந்துகொண்டு அதை அவரிடம் சொன்னதும் குரல் இறங்கியது. நாலாயிரம் தருகிறேன், பெயரைக் கெடுக்காதீர்கள் என்றார். அது நடந்து பதினோரு நாள் ஆகிறது, இப்போது போனையே எடுப்பதில்லை. திங்கட்கிழமை மனு எழுதப் போகிறேன்.