புகை அலாரம் பொருத்த வீட்டுக்கு வருகிறவர்களை நம்பாதீர்கள்: எனக்குப் போனது 390 யூரோ

பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் அந்தக் கம்பெனிக்கு அனுப்பிய பதிவுத் தபால் நேற்று மாலை திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல், அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று குறித்திருக்கிறார்கள். இரவெல்லாம் தூக்கமில்லை, அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். பிரான்சைச் சேர்ந்த இந்த ரீயூனியன் தீவில் இருக்கும் நம்மவர்கள், குறிப்பாகப் பகலில் பெரியவர்களைத் தனியே விட்டு வேலைக்குப் போகிறவர்கள், தயவுசெய்து படியுங்கள்.

நாங்கள் இருப்பது சேந்த் ஆந்த்ரேயில். ஏழு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, வீடு வீடாகப் போய்ப் புகை அலாரம் பொருத்தும் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்தார். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எப்படியும் வேறு பெயரில்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிரெஞ்சுக் கொடியின் மூவர்ணக் கோடு போட்ட கோப்பு. வந்தவர் மல்பார், அதாவது இந்தத் தீவின் தமிழ் வம்சாவளி, நம் ஆள். இரண்டு கையையும் கூப்பி "வணக்கம்" என்றார். அந்த ஒரு சொல்லைத் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது, மற்றதெல்லாம் இந்தத் தீவில் பேசும் கிரியோல் மொழிதான். ஆனால் சொல்லாமலேயே வாசலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாமி அறைக்கு முன் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டார். தன் பாட்டி வருடம் தவறாமல் தீமிதிக்குப் பதினெட்டு நாள் விரதம் இருப்பார் என்றார். என் மாமியார் அதைக் கேட்டதும் உருகிவிட்டார். காபி போட்டுக் கொடுத்து, "நல்ல பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாமி பெயரைச் சொல்லி ஒருவன் ஏமாற்றுவான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

2015 மார்ச் 8 முதல் ஒவ்வொரு வீட்டிலும் புகை அலாரம் இருந்தே ஆக வேண்டும் என்றார். அது உண்மை. அந்த ஓர் உண்மையின் மேல்தான் மற்றப் பொய்களை எல்லாம் அடுக்கினார். அரசு அங்கீகாரம் பெற்றவர் மட்டுமே பொருத்தலாமாம். இல்லாவிட்டால் வீடு எரிந்தாலும் இன்சூரன்ஸ் ஒரு சதம் தராதாம். ஒன்று 130 யூரோ, எங்கள் வீட்டுக்கு மூன்று. வங்கி அட்டையை அவர் நீட்டிய சின்ன இயந்திரத்தில் வைத்தேன், 390 யூரோ போய்விட்டது. சமையலறை வாசலில் ஒன்று, குளியலறைக் கதவுக்கு நேர் மேலே ஒன்று, படுக்கையறை நடையில் ஒன்று என்று இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் பின்னிரவு மூன்று மணிக்கு அலறியது. மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் 85 டெசிபல் கேட்க வேண்டும் என்பது தர விதி. உறக்கத்தில் இருப்பவரை உலுக்கி எழுப்பத்தான் அந்தச் சத்தம். மாமியாருக்கு வயது 78. வெறுங்காலோடு, முருகன் படத்தை மார்போடு அணைத்தபடி, கொட்டும் மழையில் முற்றத்தில் நின்றார். உள்ளே புகையும் இல்லை, தீய்ந்த வாடையும் இல்லை. விளக்கேற்றிக்கூட எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு வாரத்தில் இதுபோல் பதினோரு முறை.

கம்பெனிக்குப் போன் செய்தேன். முதல் முறை, "நீங்கள் தாளிப்பதால்தான்" என்றார்கள். பின்னிரவு மூன்று மணிக்கு யார் தாளிக்கிறார்கள்? இரண்டாம் முறை, மழைக்காலம் முடிந்தால் சரியாகிவிடும். மூன்றாம் முறை, 48 மணி நேரத்தில் ஆள் வருவார். வரவில்லை. பதினாறாம் நாள் ஒரு பெண் எடுத்து, "வாங்கியதை ரத்து செய்யும் பதினான்கு நாள் கெடு முடிந்துவிட்டது, மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கெடு முடியட்டும் என்றுதான் அத்தனை நாளும் என்னை இழுத்தடித்திருக்கிறார்கள். அதன் பிறகு அந்த எண்ணே வேலை செய்யவில்லை.

எதிர்வீட்டுப் பிள்ளை மின்சார வேலை பார்ப்பவர். குளியலறைக் கதவுக்கு மேல் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு கறுப்புக் கூடு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒரு பக்கம் பாய்கிறது, அதை உணரும் கண் ஒளி நேராகப் படாத கோணத்தில் இருக்கிறது. புகைத் துகள் உள்ளே நுழைந்தால் ஒளி சிதறி அந்தக் கண்ணில் படும், உடனே அலறும். சிதறடிப்பது புகையா, வெந்நீர் ஆவியா, தூசியா, பூச்சியா என்று அதற்குத் தெரியாது. எங்கள் கூட்டுக்குள் கடுகில் பாதி அளவில் மூன்று பூச்சிகள் செத்துக் கிடந்தன, சுற்றிலும் சாம்பல் நிறத் தூசி. கிழக்குக் கரையின் ஈரக் காற்றும் குளியலறை ஆவியும் அதோடு சேர்ந்தால் கேட்க வேண்டுமா? குளியலறைக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் மாட்டவே கூடாது என்றார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மாற்ற வேண்டிய ஆண்டு என்று அச்சிட்டிருந்தது 2023. காலாவதியான கருவியைப் புதிது என்று சொல்லி 130 யூரோவுக்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கடையில் இதே வகை, புதியது, இருபது யூரோவுக்குள் கிடைக்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நாமே மாட்டிவிடலாம்.

பிறகு விசாரித்ததில் வயிறு இன்னும் எரிந்தது. இதைப் பொருத்த அரசு யாருக்கும் அங்கீகாரம் தரவில்லை. அலாரம் இல்லை என்ற காரணத்துக்காக இன்சூரன்ஸ் பணத்தை மறுக்கவும் முடியாது, அப்படி ஒரு நிபந்தனை எழுதினாலும் செல்லாது. வீட்டுக்கு வந்து விற்கிறவர் முதல் ஏழு நாள் நம்மிடம் பணமே வாங்கக் கூடாது. ரத்து செய்யும் உரிமை உண்டு என்று சொல்லி அதற்கான படிவத்தையும் தராவிட்டால், பதினான்கு நாள் கெடு மேலும் பன்னிரண்டு மாதம் நீளும். எனக்குப் படிவம் தரவில்லை. அதை நம்பித்தான் 390 யூரோவைத் திருப்பிக் கேட்டுத் தபால் அனுப்பினேன். அதுதான் நேற்று திரும்பி வந்தது. அரசின் சிக்னல்கோன்சோ தளத்தில் புகார் பதிந்துவிட்டேன், நாளை போலீசுக்கும் போகிறேன்.

இன்னும் விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். வாசலில் வைத்துப் பணம் தராதீர்கள். கருவியின் பின்னால் இருக்கும் ஆண்டைப் பாருங்கள். நடையில், படுக்கையறைகளுக்கு அருகே மாட்டுங்கள். அவ்வப்போது தூசியை உறிஞ்சி எடுங்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் கீச்சென்று மட்டும் கத்தினால் அது பேட்டரி, அதை மாற்றுங்கள். தொல்லை தாங்காமல் ஒரேயடியாகக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், அலாரம் வேண்டும்.

சேன் பெனுவா பக்கம் இதே மூவர்ணக் கோப்போடு ஒருவர் சுற்றுவதாக இன்று காலை தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அங்கே உங்கள் அம்மாவோ பாட்டியோ தனியாக இருந்தால் இப்போதே போன் செய்து சொல்லுங்கள்.