வீட்டு ரவுட்டருக்கு ‘பயர்வால் லைசென்ஸ்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பாளையங்கோட்டை வீட்டில் நான், மகள், அத்தை மூன்று பேர்தான். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அத்தை குளியலறை வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். அதற்கப்புறம்தான் ஹாலிலும் அவர் படுக்கும் அறையிலும் கேமரா மாட்டினோம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய டேப்பில் அசிங்கமான சைட்டும் சூதாட்ட விளம்பரமும் வந்துவிடக் கூடாதே என்பது என்னுடைய இன்னொரு கவலை.

கேமரா மாட்டிய கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, ரவுட்டர்ல பயர்வால் போட்டு, கெட்ட சைட்டையெல்லாம் பில்டர் பண்ணிக் குடுத்துருதேன். வெளிய இருந்து ஒருத்தனும் உள்ள வர முடியாது” என்றார். அதற்கு 3,500 ரூபாய். அது போக வருஷத்துக்கு 1,800 ரூபாய் லைசென்ஸ். போனில் கேமராவைப் பார்க்க ஸ்டாட்டிக் ஐபி (நம் இணைப்புக்கென்றே தரும், மாறாத இணைய முகவரி) கட்டாயம் என்று சொல்லி, இன்டர்நெட் கம்பெனிக்கும் தனியாகப் பணம் கட்ட வைத்தார். முக்கால் மணி நேரம் லேப்டாப்பில் ஏதேதோ செய்தார். ரவுட்டர் பாஸ்வேர்டைக் கேட்டேன். “மாத்திட்டேன்க்கா, பாதுகாப்புக்காக அது எங்க ஆபீஸ்லதான் இருக்கும்” என்றார். பில் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. இந்தப் பொங்கலுக்கு முன்னால் ‘லைசென்ஸ் ரினியூவல் 2,400’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் கொழுந்தன் அப்போது ஊருக்கு வந்திருந்தான். அவனிடம் காட்டினேன். “மைனி, நம்ம வீட்டு ரவுட்டர்ல பயர்வால் சும்மாவே உள்ள இருக்கு. அதுக்கு லைசென்ஸே கிடையாது. யாருக்குக் கட்டுதீங்க?” என்றான்.

ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறக்க லேப்டாப்பில் 192.168.1.1 என்று அடித்தான். ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டான். திறந்துகொண்டது. அந்த ஆள் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை.

உள்ளே பார்த்தால் பயர்வால் அணைந்து கிடந்தது. ரவுட்டருக்குள் வெளியூரிலிருந்தும் நுழைய வழிசெய்யும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ திறந்திருந்தது. அவர் தன் கடையில் உட்கார்ந்தபடியே எங்கள் ரவுட்டரைப் பார்ப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார். ஸ்டிக்கர் பாஸ்வேர்டு தெரிந்த யாருக்கும் அதே வழிதான். சைட்டின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். ரவுட்டருக்குள் நுழைந்தவன் அந்த டிஎன்எஸ்-ஐ மாற்றிவிட்டால், நாம் பேங்க் முகவரியைச் சரியாக அடித்தாலும் அவன் விரும்புகிற பக்கத்துக்கு அனுப்பப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் விட மோசம், டிஎம்இசட் என்ற பக்கத்தில் எங்கள் கேமராப் பெட்டியின் (டிவிஆர்) எண்ணைப் போட்டு வைத்திருந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து நாம் கேட்காத எதையும் வெளியிலிருந்து உள்ளே விடாமல் தடுப்பதுதான் ரவுட்டரின் இயல்பு. டிஎம்இசட் போட்டால், வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டும் அத்தனையையும் அப்படியே அந்த ஒரு பெட்டிக்குத் திருப்பிவிடும். சாதாரண இணைப்பாக இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் தப்பித்திருப்போம். பல கம்பெனிகள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், பழைய வகை (ஐபிவி4) முகவரியில் வெளி ஆள் நேராக வந்து நம் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஸ்டாட்டிக் ஐபி வாங்க வைத்து அந்த மறைவையும் எடுத்துவிட்டார். போனில் கேமரா தெரிய வேண்டும், வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

டிவிஆரின் பாஸ்வேர்டும் யாரும் ஊகிக்கக்கூடியதுதான். கொழுந்தன் அதன் பதிவேட்டைத் திறந்து காட்டினான். தவறான லாகின் முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி என்று, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஐபி முகவரிகளிலிருந்து. பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடுவதால், யாராவது உள்ளே வந்து பார்த்தார்களா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அத்தை உடை மாற்றும் அறை அது. ஒரு வருஷம். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

இப்படித் தட்டுவது பெரும்பாலும் மனிதர்கள் இல்லை, தானாக ஓடும் புரோகிராம்கள் என்றான். 2016-இல் மிராய் என்ற ஒன்று, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்ததாம். அதே வருஷம் அக்டோபரில் டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பலருக்கு வேலை செய்யாமல் போனதற்கு அந்தக் கருவிகளும் காரணம்.

சரி, மகளுக்காகப் போட்ட பில்டர்? ரவுட்டரில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. என் லேப்டாப்பில் மட்டும் டிஎன்எஸ்-ஐ மாற்றி, ஒரு கெட்ட சைட் திறக்கவில்லை என்று எனக்குக் காட்டியிருக்கிறார். மகளின் டேப்புக்கு ஒரு தடையும் இல்லை.

கொழுந்தன் முதலில் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்துக்கொண்டான். நீங்களும் மாற்றுவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு சாட்சி இருக்காது. அப்புறம் டிஎம்இசட்டையும் ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் அணைத்தான். கருவிகள் தாமாகவே வெளிக்கதவைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி, பட்டனோ பின் எண்ணோ வைத்து வைஃபையில் சேர விடும் டபிள்யூபிஎஸ் இரண்டையும் நிறுத்தினான். பயர்வாலை ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிக்கும் சேர்த்துப் போட்டான். ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைப்பதால் அங்கே பயர்வால் இல்லாவிட்டால் மறைவே கிடையாது. ரவுட்டரிலேயே டிஎன்எஸ்-ஐ 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றினான். கிளவுட்பிளேர் 2020-இலிருந்து இலவசமாகத் தருவது இது. வைரஸ் பரப்பும் சைட்டுகளையும் ஆபாச சைட்டுகளையும் வடிகட்டும், சூதாட்டத்தை அல்ல. அந்த சைட்டுகளை ரவுட்டரில் ஒவ்வொன்றாக எழுதித் தடுத்தோம். இதுவும் முழுக்காவல் இல்லை. டேப்பில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ தனியாகப் போட்டிருந்தாலோ மொபைல் டேட்டாவுக்குப் போனாலோ ரவுட்டரின் வடிகட்டல் செல்லாது. எல்லாம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பைசா செலவில்லை. கேமரா இப்போது கேமராக் கம்பெனியின் ஆப் வழியாகவே தெரிகிறது. ஸ்டாட்டிக் ஐபியை நிறுத்திவிட்டோம்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். “இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலியேக்கா” என்றார். ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. அவர் கேமரா மாட்டிய மற்ற வீடுகளும் இப்படித்தான் திறந்து கிடக்கும் என்று பயப்படுகிறேன்.

யாராவது உங்கள் ரவுட்டரைத் தொட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே மாற்றுங்கள். டிஎம்இசட், போர்ட் பார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதில் குறிப்பிட்டதை மட்டும் ஒரு கருவிக்குத் திருப்புவது), ரிமோட் மேனேஜ்மென்ட் மூன்று பக்கங்களையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பில்டரைக் குழந்தையின் கருவியில் சோதித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள், பில்லோடு. ரவுட்டரைச் சட்டென்று ரீசெட் செய்துவிடாதீர்கள். இன்டர்நெட் கம்பெனி போட்ட இணைப்பு விவரமும் அதோடு அழிந்துவிடலாம்.

யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் திருட்டுப் போயிருந்தால் 1930-ஐக் கூப்பிட வேண்டும். எங்கள் கணக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அத்தை அறைக் கேமராவைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டோம். அவர் கூப்பிட ஒரு காலிங்பெல் பட்டனைக் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.